கைராசி இருந்தால் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். உங்களில் டாக்டராக, நர்ஸாக இருப்பவர்களும் மருந்துக்கடை வைத்திருப்பவர்களும் கட்டாயம் படியுங்கள்.

நம் குடும்பங்களில் யாருக்காவது நெஞ்சுவலி என்றால் உடனே ஒரு வசனம் வரும். "அந்த டாக்டர் கொஞ்சம் கோபக்காரர். எரிஞ்சு விழுவார். ஆனா கைராசிக்காரர்." சொல்பவர் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரியும், திட்டு வாங்கினால்தான் நோய் குணமாகும் என்பதுபோல. போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "நமக்கு வேண்டியது அவர் கை. வாய் எப்படி இருந்தா என்ன?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கட்டைவிரல்களுக்கு என் பதில்தான் இது.

டாக்டர் என்னை "வாங்க, உட்காருங்க" என்று சொல்லவில்லையே என்ற மனக்குறையை எழுத நான் வரவில்லை. மரியாதை கிடைக்காமலும் பிழைத்துக் கொள்ளலாம். நான் சொல்வது வேறு. இதய நோயில் டாக்டரின் பேச்சும் சிகிச்சையில் ஒரு பாகம். ஆபரேஷன் நன்றாக முடிந்தும், பேச வேண்டியதைப் பேசாததால் உயிருக்கு ஆபத்து வரும். எங்கள் வீட்டில் வந்தது.

என் கொழுந்தனார் லோடு ஆட்டோ ஓட்டியவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மூட்டை தூக்கினால், மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, உட்கார்ந்தால் சரியாகி விடுகிறது என்று நாலைந்து மாதமாகச் சொல்லிக் கொண்டிருந்தார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெயர் எழுத மாட்டேன். ஓர் ஆஸ்பத்திரியின் குறையாக இதைச் சுருக்கி விட்டால் மற்றவர்கள் தப்பித்துக் கொள்வார்கள்.

காலை பத்து மணிக்கு டோக்கன். உள்ளே கூப்பிட்டபோது மணி மூன்று. டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்தார், எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். "நாளைக்கு ஆஞ்சியோ. அட்மிஷன் போட்டுருங்க." என் ஓரகத்தி, "வேற வழி இருக்காங்க சார், மாத்திரையில பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். "நீங்க டாக்டரா, நான் டாக்டரா?" அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் ஆஞ்சியோவுக்கு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகக்கவசம் போட்ட ஒரு பையன் தாளை நீட்டினான். "ரெண்டு பிளாக் இருக்கு. ஸ்டென்ட் வைக்கணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

"அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா..."

"அவர் டேபிள்ல இருக்கார்ம்மா. இப்ப வைக்கலேன்னா அப்புறம் எது நடந்தாலும் எங்களைக் கேக்கக் கூடாது."

இப்படிக் கேட்டால் எந்தப் பெண் கையெழுத்துப் போட மாட்டாள்? போட்டாள்.

ஸ்டென்ட் நன்றாகவே வைத்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது, இனி என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "எல்லாம் சம்மரில எழுதியிருக்கு" என்று பதில். நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ்.

மூன்றாவது மாதம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். ஒரு மாத்திரை ரத்தத்தை இளக்குவது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் கணக்குப் போட்டார்: வலிதான் போய்விட்டதே, ரத்தம் வருவது இந்த மாத்திரையால், காசும் மிச்சம். இரண்டு மாத்திரைகளை நிறுத்தினார். இரண்டு வாரம் ஆகவில்லை, நடுராத்திரி மாரடைப்பு. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்டி அடைத்துக் கொண்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் பம்ப் செய்யும் சக்தி பாதியாகி விட்டது. லோடு ஆட்டோவை விற்றாயிற்று. இப்போது தெருமுனை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

அப்போது டாக்டர் கேட்ட கேள்வி: "யாரு மாத்திரையை நிறுத்தச் சொன்னது? அறிவில்லையா?"

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. அந்த இங்கிலீஷ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எட்டாம் வகுப்பு படித்தவருக்கு அந்த வரி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது சொல்லுங்கள். கைராசி எங்கே போனது?

மருந்து பூசிய ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கும் ஒரு கம்பி வலை. உடம்புக்கு அது புது ஆள். அதன்மேல் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தம் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இரண்டையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார்கள். இடையில் தானாக நிறுத்துவது, ஸ்டென்ட் அடைத்துக் கொள்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. இது எல்லா இதய டாக்டருக்கும் தெரியும். தெரிந்ததை நோயாளிக்குச் சொல்லாமல் அனுப்புவது, தையல் போடாமல் வீட்டுக்கு அனுப்புவது மாதிரி. தையல் போடாத டாக்டரைக் கைராசிக்காரர் என்பீர்களா?

இரண்டாவது விஷயம் பயம்.

நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் முதலில் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று, பயந்த பிள்ளை சந்தேகம் கேட்காது என்பது. புரிகிறதா என்றால் தலையாட்டும். நோட்டைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும், ஒன்றும் புரியவில்லை என்று. நோயாளியும் அப்படித்தான். டாக்டர் எரிந்து விழுவார் என்றால் பீடி குடிப்பதை மறைப்பார், நாட்டு மருந்து சாப்பிடுவதை மறைப்பார், மாத்திரை விட்டுப்போன நாட்களை மறைப்பார். டாக்டர் பாதித் தகவலை வைத்துக் கொண்டு முழு வைத்தியம் பார்ப்பார்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். மாரடைப்பு வரும்போது ஆண்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும் என்றாலும், பெண்களில் பலருக்கு மூச்சுத் திணறல், தாடை வலி, முதுகு வலி, காரணமில்லாத அசதி, குமட்டல் என்றும் வரும். அதை விளக்கிச் சொல்ல ஒரு நிமிடம் வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் "கேஸ்தாம்மா, டென்ஷன் ஆகாதீங்க" என்று அனுப்பி விட்டால்? அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளி தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கிட்டு விடுகிறார் என்று கண்டார்கள். அது அமெரிக்காவில், நாற்பது வருஷத்துக்கு முன்னால். நம் ஊர் ஓபியில் 18 விநாடி கிடைத்தால் அது பெரிய யோகம்.

டாக்டர் வாயிலிருந்து விழும் ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். டாக்டர் பெர்னார்ட் லோன். சாதாரண ஆள் இல்லை. நின்றுபோகும் நிலையில் இருக்கும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கிறார்களே, சினிமாவில்கூடப் பார்த்திருப்பீர்கள், அந்தக் கருவியின் இன்றைய நேர்மின்சார வடிவத்தை 1962இல் உருவாக்கியவர். அணு ஆயுதப் போரை எதிர்த்து அவர் இணைந்து தொடங்கிய மருத்துவர் அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2021இல் காலமானார்.

அவர் இளம் டாக்டராக இருந்தபோது பாஸ்டனில் நடந்ததை எழுதியிருக்கிறார். அவருடைய குரு டாக்டர் லெவின், இதய வால்வு சுருங்கிய ஒரு பெண்மணியைப் பார்க்க வந்தார். அந்தப் பெண்மணிக்குப் பல வருஷமாக அவர்தான் டாக்டர். கூட வந்தவர்களிடம் "இவருக்கு டி.எஸ்." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டி.எஸ். என்றால் அந்த வால்வு நோயின் சுருக்கப் பெயர். அந்த அம்மாள் அதை 'டெர்மினல் சிச்சுவேஷன்', அதாவது சாகும் நிலை என்று புரிந்து கொண்டார். லோன் எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. பயத்தில் மூச்சு வாங்கத் தொடங்கி, நுரையீரலில் நீர் கோத்து, அன்றைக்கே இறந்து போனார். லெவின் கெட்டவர் இல்லை, கோபக்காரரும் இல்லை. நோயாளி கேட்டுக் கொண்டிருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் மறந்தார், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பிழைப்பது கஷ்டம் என்றிருந்த ஒரு நோயாளியின் இதயத்தில், குதிரைப் பாய்ச்சல் மாதிரி ஒரு கூடுதல் சத்தம் கேட்டது. 'கேலப்' என்பார்கள். அது மோசமான அறிகுறி. லோன் கூட இருந்தவர்களிடம் "நல்ல பலமான கேலப்" என்று சொன்னார். நோயாளி அதைக் கேட்டு, நம் இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது போல, பிழைத்து விடுவோம் என்று நம்பிவிட்டார். பிழைத்தும் விட்டார். பொய் சொல்லித் தேற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "நெஞ்சுக்குள்ள டைம் பாம் வச்சிருக்கீங்க" என்று நம்மூரில் சொல்கிறார்களே, அந்தச் சொல் நோயாளிக்குள் போய் என்ன செய்யும் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிறேன்.

இனி, நான் வழக்கமாகக் கேட்கும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"டீச்சர், ஒரு நாளைக்கு நூறு பேர் பார்க்கிறோம். ஒவ்வொருத்தருக்கும் பாடம் நடத்த எங்கே நேரம்?"

நேரம் இல்லை என்பது உண்மை. டாக்டரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் மதுரையிலேயே பதில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே வரும் கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் பாட்டிகளில் பாதிப் பேர் அங்கேதான் கண்புரை ஆபரேஷன் செய்திருப்பார்கள். அங்கே டாக்டர் பார்த்து முடித்ததும், பயிற்சி பெற்ற ஒரு பெண் நோயாளியைத் தனியாக உட்கார வைத்து, என்ன ஆபரேஷன், எவ்வளவு செலவு, என்ன லென்ஸ், வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று நம் தமிழில் சொல்கிறார். கிராமத்திலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்கள் அவர்கள். இலவசமாகச் செய்து கொள்பவருக்கும் சொல்கிறார்கள். கண்ணுக்கு முடிகிறது, இதயத்துக்கு ஏன் முடியாது? பல லட்சம் பில் போடும் இடத்தில், சொல்லிக் கொடுக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க முடியாதா? மனம் இல்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக் கொள்கிறேன்.

"சொன்னாலும் இவங்களுக்குப் புரியாது டீச்சர்."

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். வீட்டில் புத்தகமே பார்க்காத பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதான் எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் சொன்ன முதல் விதி. என் கொழுந்தனாருக்கு இப்படிச் சொல்லியிருந்தால் போதும்: "கண்மாயிலிருந்து வயலுக்குப் போற வாய்க்கால் மாதிரி உங்க இதயத்துக்கு ரத்தம் போகுது. ஒரு இடத்துல கரை சரிஞ்சு அடைச்சிருந்தது. தூர் வாரி, மறுபடி சரியாம இருக்க ஒரு வலைக்கூண்டு வச்சிருக்கோம். கூண்டு கரையோட சேர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அதுல குப்பை தங்காம பாத்துக்குறது இந்த ரெண்டு மாத்திரைதான். ரத்தம் வந்தாலும், பல் பிடுங்கச் சொன்னாலும், எங்களைக் கேக்காம நிறுத்தக் கூடாது." ஒரு நிமிடம் ஆகுமா இதற்கு? வயல் பார்த்த மனுஷனுக்கு இது புரியாதா?

2019இலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ நெறியும் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆக, பேசக் கற்பது டாக்டர் படிப்பின் பாகம் என்று அரசே ஒப்புக் கொண்டாயிற்று.

"இதயம்னா எமர்ஜென்சி. உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தா ஆள் போயிருவார்."

மாரடைப்பு நடந்து கொண்டிருக்கும்போது இது நூற்றுக்கு நூறு சரி. அப்போது ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக் கொண்டிருக்கும். அங்கே கேள்வி கேட்காதீர்கள், கையெழுத்துப் போடுங்கள். 2023இல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்காக. அந்த அவசரம் நியாயமானது.

ஆனால் என் கொழுந்தனாருக்கு அன்றைக்கு மாரடைப்பு இல்லை. வேலை செய்தால் வலி, உட்கார்ந்தால் சரி என்ற நிலையான நோய். இப்படிப்பட்டவர்களை வைத்து உலக அளவில் பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2007இல் 'கரேஜ்', 2020இல் 'இஸ்கீமியா'. ஒழுங்கான மருந்து சிகிச்சையோடு ஒப்பிட்டால், இவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்டென்ட் போன்றவை வலியைக் குறைத்தன, ஆனால் சாவைக் குறைக்கவில்லை. ஸ்டென்ட் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கு வலி குறைவதே பெரிய விஷயம். ஒரு ராத்திரி யோசித்து, நோயாளியே முடிவு சொல்ல நேரம் இருந்தது என்றுதான் அர்த்தம். கதவைப் பாதி திறந்து மனைவியை மிரட்ட வேண்டிய அவசரம் அங்கே இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி அகற்றி விட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் ஒழிய நோயாளியே சம்மதிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆஞ்சியோ என்பதும் பரிசோதனைதான். உள்ளே படுத்திருப்பவர் பெரும்பாலும் விழித்துக் கொண்டுதான் இருக்கிறார். ஆனாலும் மருந்தின் அரைமயக்கத்தில், கத்தி முனையில் இருப்பதுபோல் படுத்திருப்பவரிடம் கேட்பதைவிட, முந்தின நாளே "அடைப்பு இருந்தால் என்ன செய்யலாம்" என்று பேசி எழுதி வாங்குவதுதான் முறை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய், வரி தனி. அதற்கு முன் லட்சத்துக்கு மேல் கொடுத்தவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆஞ்சியோபிளாஸ்டி, பைபாஸ் எல்லாம் வருகிறது. பணத்துக்கு அரசு ஒரு வழி செய்திருக்கிறது. ஆனால் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் குரல் மாறுகிறதே, "ஓ, ஸ்கீம் கேஸா" என்று, அதற்கு எந்த அரசாணை போடுவது? அந்த அட்டைக்கான பணமும் நம் வரிப்பணம்தான். யாரும் தர்மம் கேட்டு வரவில்லை.

நம் பக்கம் உள்ள தப்பையும் சொல்லாமல் விட்டால் நான் டீச்சர் இல்லை. ஒரு நோயாளிக்குப் பதினைந்து பேர் போய் ஐசியூ வாசலை அடைத்துக் கொள்கிறோம். ஆளுக்கொரு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்கிறோம். யூடியூப்பில் பார்த்ததை டாக்டருக்கே பாடம் எடுக்கிறோம். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தாய்க்குச் சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்று ஒரு மகன் புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்தினான். அந்த டாக்டரும் ஒரு தாயின் பிள்ளைதான். கத்தி எடுப்பவனுக்காக நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். அடிக்குப் பயந்த டாக்டர் இன்னும் குறைவாகத்தான் பேசுவார். நாம் கேட்க வேண்டியதை வாயால், மரியாதையாக, விடாமல் கேட்க வேண்டும்.

அதற்காகச் சில குறிப்புகள். நோட்டில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

1. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று கேள்வி போதும். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள்.

2. "இது அவசரமா, யோசிக்க நேரம் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். அவசரம் என்றால் தாமதிக்காதீர்கள். நேரம் இருக்கிறது என்றால், மாத்திரையில் பார்ப்பது, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றிலும் எது, ஏன் என்று கேளுங்கள்.

3. ஆஞ்சியோவுக்கு முந்தின நாளே, அடைப்பு இருந்தால் என்ன செய்வார்கள் என்று நோயாளி முன்னாலேயே பேசி முடியுங்கள்.

4. வீட்டுக்கு வரும் முன் ஒவ்வொரு மாத்திரையையும் கையில் வைத்து, எதற்கு, எவ்வளவு நாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுத் தமிழில் எழுதிக் கொள்ளுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் நர்ஸிடம் கேளுங்கள்.

5. இரண்டாவது கருத்துக் கேட்பது டாக்டருக்குச் செய்யும் துரோகம் இல்லை, உங்கள் உரிமை. மருத்துவ ஆவணங்களை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது.

6. நெஞ்சில் அழுத்தம், வேர்வை, இடது கை அல்லது தாடை வலி என்றால் சோடா குடித்துப் பார்த்துக் கொண்டிருக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, டாக்டராக இருக்கும் என் பிள்ளைகளுக்கு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் நீங்கள் உழைப்பது தெரியும். உங்களில் பலர் நோயாளியின் கையைப் பிடித்துப் பேசுகிறவர்கள் என்பதும் தெரியும். என் கொழுந்தனாருக்கு இரண்டாவது முறை வந்தபோது, அரசு மருத்துவமனையில் ராத்திரி டூட்டியில் இருந்த ஒரு சின்னப் பெண் டாக்டர், சீட்டின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து, எந்த இடத்தில் அடைத்தது என்று என் ஓரகத்திக்குக் காட்டினார். அந்தச் சீட்டை அவள் இன்றும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஆன செலவு ஒரு பேனாக் கோடு.

உங்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். நோயாளி பேசத் தொடங்கினால் ஒரு நிமிடம் குறுக்கிடாதீர்கள். நீங்கள் சொன்னதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், வகுப்பில் நான் உங்களைக் கேட்ட மாதிரி. வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை விவரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். இனி யாராவது "கோபக்காரர், ஆனா கைராசிக்காரர்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். "மாத்திரையைப் பத்திச் சொன்னாரா?" என்று கேளுங்கள்.

மாறுபட்ட கருத்து இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். டாக்டர் பிள்ளைகள் எழுதினால் இன்னும் சந்தோஷம். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சமயநல்லூர்